துண்டுச்சீட்டின் பின்பக்கம்

கருத்துக்கணிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் காலை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொன்னால் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன். அடுத்தவன் அசடு வழிந்த கதை என்றால் யாருக்கும் தூக்கம் வராது.

கடலூர் மாவட்டத்தில் நான் கள மேற்பார்வையாளராக இருந்தபோது ஒரு கட்சி எங்கள் நிறுவனத்திடம் ஒரு வேலை கொடுத்தது. கட்சியின் பெயர் வேண்டாம். விளைநிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட ஆலைக்குத் தரமாட்டோம் என்பதுதான் அந்தக் கட்சியின் பிறவிக் கொள்கை. கொடியில் நெற்கதிர் இல்லாத குறைதான். மற்றபடி மேடை, சுவர், துண்டறிக்கை எல்லாவற்றிலும் அதே வாசகம். ஆனால் தலைமைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நம் சொந்த வாக்காளர்களே இதில் ஒரே மனதாக இருக்கிறார்களா, இல்லை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்களா? வெளியே தெரியாமல் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் கேட்கவே வேண்டாம், நம் ஆட்களிடம் மட்டும் கேளுங்கள் என்றும் சொன்னார்கள்.

இதைவிட லேசான வேலை உண்டா என்று நினைத்தேன். கடலூர் முதுநகரில் தொடங்கினேன். வீடு தெரியாது என்பதால் கிளைச் செயலாளரையே வழிகாட்டியாக அழைத்துக்கொண்டேன். எனக்கு அதில் பெருமை வேறு: வேகமாக முடியுமே! அவர் கரைவேட்டியோடு வாசலில் நிற்பார், நான் உள்ளே கேள்வி கேட்பேன். ஆலை வரலாமா? வரக்கூடாது. பக்கத்து வீடு: வரக்கூடாது. எதிர் வீடு: கேள்வியை நான் முடிக்கும் முன்பே வரக்கூடாது. ஒரு வீட்டில் மட்டும் கணவர், "எங்க வூட்ல எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் சார், எழுதிக்கோங்க" என்றார். உள்ளேயிருந்து மனைவி, "அந்த ஒரே எண்ணம் எதுன்னு என்னையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதச் சொல்லுங்க" என்றார். கிளைச் செயலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்கவில்லை.

அந்தப் படிவங்களை அலுவலகத்தில் கொடுத்தபோது, எங்கள் அலுவலகத்தில் தரம் பார்க்கும் அம்மா ஒருவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்துப் படிவம் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார்.

"இவ்வளவு பேரையும் நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"ஆமாம்மா. கிளைச் செயலாளரே கூட வந்து வீடு காட்டினாரு."

"எதுக்கு? அந்தச் செயலாளரையே இத்தனை தடவை கேட்டிருந்தா பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்."

காது சிவந்துவிட்டது. அவர்தான் துண்டுச்சீட்டு முறையைச் சொன்னார். வயது, படிப்பு, நிலம் போன்றவற்றைப் படிவத்தில் நாமே எழுதிக்கொள்வது. வம்பான கேள்விக்கு மட்டும் ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுப்பது. அவர்கள் தனியே போய் 'வரட்டும்' அல்லது 'வரக்கூடாது' என்று எழுதி, மடித்து, டப்பாவில் போட வேண்டும். எந்தச் சீட்டு யாருடையது என்று கடவுளுக்கும் தெரியக்கூடாது. இதைச் சொல்லும்போது அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். என்னைப் பற்றி அவருக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது.

ஏனென்றால் எனக்குள் ஒரு அதிகப்பிரசங்கி உட்கார்ந்திருந்தான். சீட்டையும் படிவத்தையும் இணைக்க முடிந்தால், நிலம் உள்ளவர் என்ன சொல்கிறார், நிலம் இல்லாதவர் என்ன சொல்கிறார் என்று தனித்தனியாகப் பார்க்கலாமே! அறிக்கை பிரமாதமாக இருக்குமே! அதனால் ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் மூலையில், கொசு உட்கார்ந்த அளவுக்கு, பென்சிலால் படிவ எண்ணைப் போட்டு வைத்தேன். யார் கண்ணுக்கும் தெரியாது என்று எனக்கு நூறு சதவீத நம்பிக்கை.

அடுத்த ஊர், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி. அதில் ஒரு வார்டு முழுக்க அந்தக் கட்சிக்காரர்கள்தான். காலையில் எல்லாரும் பால் சொசைட்டிக்கு வருவார்கள் என்பதால் அங்கேயே போய்விட்டேன். வாசலில் கேன்கள் வரிசையாக நிற்கின்றன. மேசை மேல் சின்னச் சின்ன மாதிரிப் பால் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். பால் ஊற்றி முடித்த இருபத்தொரு பேரை உட்கார வைத்து, படிவங்களை நிரப்பினேன்.

அந்த வார்டில் கவுன்சிலர் தேர்தல் வரவிருந்தது. கட்சி சார்பில் நிற்க இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் ராஜவேலு. மூன்று ஏக்கர் நிலம், கட்சி தொடங்கிய நாள் முதல் உறுப்பினர். என் கணக்கில் ஒன்பதாவது படிவம். இன்னொருவர் செல்வி. தன் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர். சொந்த நிலம் கிடையாது, இரண்டு மாடு உண்டு, டிப்ளமோ முடித்த மகன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பதினான்காவது படிவம். ராஜவேலு அவருக்கு மாமா முறை. போட்டி இருந்தாலும் கேலிக்குக் குறைச்சல் இல்லை.

"மாமா, நீங்க நின்னா போஸ்டருக்கு மீசையை மட்டும் தனியா அடிக்கணும்."

"நீ நின்னா அந்தக் காசு மிச்சம்தாம்மா, நின்னுக்கோ" என்றார் அவர்.

வாய்விட்டுக் கேட்டபோது இருபத்தொரு பேரும் கொள்கை பேசினார்கள். ஒருவர் பெருங்குரலில், "மண்ணு போனா மானம் போச்சு" என்று முழங்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "மச்சான், உன் பையனுக்கு கடலூர் கெமிக்கல் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாமே?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது.

பிறகு பெயர் கூப்பிட்டுச் சீட்டுகளைக் கொடுத்தேன். என்னிடம் நான்கு பேனாதான் இருந்தது. மாட்டுத்தீவனக் கொட்டகைக்குப் பின்னால் போய் எழுதச் சொன்னேன். அங்கே ஒரே சளசளப்பு, சிரிப்பு, "இந்தா புடி", "அங்க குடு", "எனக்கு இன்னொண்ணு வந்துருச்சு" என்று கைமாற்றல். நாலு பேனாவுக்கு இருபத்தொரு பேர் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நான் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொருவராக வந்து பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். கடைசியாக வந்தவர் செல்வி. மடித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சார், யாரு இன்னா எழுதனாங்கன்னு யாருக்கும் தெரியாதுல்ல?"

அந்தப் பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. சிரிப்பு இருந்தது, சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

"சத்தியமா யாருக்கும் தெரியாதும்மா" என்றேன். அவர் தலையசைத்து, சீட்டைப் போட்டுவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு போனார்.

டப்பாவைத் திறந்தபோது பன்னிரண்டு சீட்டில் 'வரட்டும்'. ஒன்பதில் 'வரக்கூடாது'. ஒரு சீட்டில் மட்டும் 'வரட்டும்' என்பதற்குக் கீழே, 'புகை வேண்டாம், வேலை வேண்டும், ரெண்டும் முடியாதா?' என்று இருந்தது. காலையில் ஒரே குரலில் முழங்கிய கூட்டம் இது! எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. நிலம் உள்ளவருக்கு நிலத்தைப் பற்றிய பயம். நிலம் இல்லாதவருக்குக் கொள்கை அழகாக இருக்கிறது, ஆனால் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறான். இருவரும் ஒரே கொடிக் கம்பத்தின் கீழ் நின்று ஒருவருக்கொருவர் மனம் நோகாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி என் பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். மறுநாள் மதியம் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் நான்கு நிர்வாகிகளோடு வந்து இறங்கினார். கூட்டுறவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பச்சை மை பேனா இன்னும் ஓய்வு பெறவில்லை. வார்டின் முடிவைச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. அவருடைய மாவட்டத்திலேயே கொள்கைக்கு ஓட்டை என்று தலைமைக்குத் தெரிந்தால் அவர் நாற்காலி ஆடும்.

"இன்னா சார் கதை வுடறீங்க? நம்ம ஜனம் அப்படி எழுதுமா? லாட்ஜ்ல உக்காந்து நீங்களே கிறுக்கி டப்பாவுல போட்டுருப்பீங்க."

என் வேலையைப் பொய் என்று சொல்லிவிட்டாரே! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"அண்ணே, ஒவ்வொரு சீட்டும் யார் எழுதினதுன்னு என்னால காட்ட முடியும். பின்னாடி நம்பர் போட்டு வச்சிருக்கேன்."

சொல்லி முடித்த அந்த நொடியே தோன்றிவிட்டது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று. பொறுப்பாளரின் முகம் மலர்ந்தது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலைல வேட்பாளர் லிஸ்ட் போவுது. அந்த செல்வி பொண்ணு இன்னா எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. கொள்கை இல்லாதவங்களுக்கு எங்க கட்சில எடம் கெடையாது."

சீட்டுக் கட்டு மாடியில் என் அறையில் இருந்தது. எடுத்து வருகிறேன் என்று படியேறினேன். பதினான்காம் எண்ணைத் தேடி எடுத்தேன். 'வரட்டும்.' ஒன்பதாம் எண், ராஜவேலுவுடையது: 'வரக்கூடாது.' கீழே போய் இதை நீட்டினால், என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சீட்டைப் போட்ட ஒரு பெண்ணின் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும். நீட்டாவிட்டால் ஒரு போனில் என் வேலை போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் வேலையைப் பற்றித்தான் யோசித்தேன். அப்புறம் அந்தப் பெண் கேனைத் தூக்கிக்கொண்டு போனது கண்ணில் வந்தது. கட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் பிஸ்கட் டப்பாவையும் ஐந்து வெற்றுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இது குருட்டுத் துணிச்சல் இல்லை. அந்த ஐந்து பேர் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர்கள் பேச்சை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருவருடைய மருமகன் ஆலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறார். இன்னொருவர், ஆலை வந்தால் லாரி வாடகைக்கு ஓடுமா என்று விசாரித்தார். நம் வேலையில் கேள்வி கேட்கும் நேரத்தை விட, கேட்காத நேரத்தில்தான் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

"அண்ணே, பேர் தர்றேன்" என்றேன். "ஆனா இந்த முறை சரிதானான்னு உங்களுக்கே நம்பிக்கை வரணும். நீங்க அஞ்சு பேரும் கொள்கைத் தூண்கள். இதுல நம்பர் கெடையாது, பாத்துக்கோங்க. தனியா எழுதி இதுல போடுங்க. அஞ்சும் கொள்கைப்படி இருந்தா, மொத்தக் கட்டையும் உங்க கையில குடுத்துடறேன்."

"இதுக்கு ஒரு பரீட்சையா?" என்று சிரித்தார் பொறுப்பாளர். ஐந்து பேரும் ஆளுக்கொரு மூலை பார்த்துத் திரும்பி எழுதினார்கள். பள்ளிக்கூடப் பரீட்சையில்கூட இந்தப் பெரிய மனிதர்கள் இப்படிக் கையால் மறைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

டப்பாவைக் குலுக்கினேன். முதல் சீட்டைப் பிரித்தேன். பச்சை மை. எழுதியிருந்தது: 'வரட்டும்.'

வாய்விட்டு "வரட்டும்" என்று படித்தேன். சீட்டை யாருக்கும் காட்டவில்லை. நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பொறுப்பாளரின் கண் என் பையிலேயே நின்றது. அடுத்தது: வரக்கூடாது. அடுத்தது: வரட்டும். அடுத்தது: வரட்டும். கடைசி: வரக்கூடாது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லாரிக்காரர் எழுந்து, "யாருய்யா அந்த மூணு பேரு?" என்று அதட்டினார். மருமகன் வேலை பார்ப்பதாகச் சொன்னவர் டப்பாவிலிருந்த சீட்டுகளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார், எண் இருக்கிறதா என்று. முகத்தில் வேர்வை.

நான் ரொம்பப் பணிவாக, "கண்டுபுடிக்கணும்னா சொல்லுங்கண்ணே, நம்பர் போட்டு மறுபடி எழுதலாம்" என்றேன்.

"எதுக்கு சார் அதெல்லாம்?" என்று பொறுப்பாளர் பாய்ந்து சொன்னார். "நம்ம கட்சி ஜனநாயகக் கட்சி. ரகசியம்னா ரகசியந்தான். டப்பாவை மூடுங்க. டீ சொல்லுங்கப்பா யாராவது."

"அந்த லிஸ்ட்டுண்ணே?"

"எந்த லிஸ்ட்டு?" என்றார். டீ வந்தது. ஐந்து பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது மற்றவர்கள் படியிறங்கியதும் அவர் மட்டும் திரும்பி வந்து கையை நீட்டினார். பச்சை மைச் சீட்டைக் கொடுத்துவிட்டேன். வாயில் போட்டு மென்றுவிடுவாரோ என்று பயந்தேன், பர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

பேனா மையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதும் தொழில் தர்மத்துக்கு விரோதம்தான். தெரியும். அந்த ஒரு தப்புக்கு மட்டும் நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அவர்கள் போனதும் தெற்கு வீதிக் கடையில் ஒரு ரப்பர் வாங்கி வந்து, இருபத்தொரு எண்ணையும் அழித்தேன். தரம் பார்க்கும் அம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டவில்லை. "ரப்பரைப் பத்திரமா வச்சுக்கோங்க" என்றார். இன்றும் என் மேசையில் இருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் டேப்லெட் இடம், நேரம், குரல் என்று தானாகவே என்னென்னவோ குறித்துக்கொள்கிறது. அதற்கு எந்தக் கடையில் ரப்பர் விற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.

செல்விக்கு இடம் கிடைத்தது. வேட்பாளராக அவர் பெயரை முன்மொழிந்தவர் ராஜவேலுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஜெயித்தும் விட்டார். ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்த ஊர்ப் பக்கம் போனபோது, கால்வாய் தூர்வாரும் இடத்தில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, டீக்கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருந்ததை இறக்கி வைத்துவிட நினைத்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்மா. அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். சீட்டுக்குப் பின்னாடி..."

"நம்பர் இருந்துச்சு. பென்சில்ல" என்றார் செல்வி, டீயை ஆற்றியபடி.

என் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பால் சொசைட்டில எங்களுக்கு எல்லாமே நம்பருதான் சார். பாலுல யாரு தண்ணி ஊத்தனாங்கன்னு குப்பி நம்பரை வச்சுத்தானே புடிப்பாங்க? எந்தப் பேப்பரு குடுத்தாலும் மொதல்ல திருப்பித்தான் பாப்போம். மாமாதான் மொதல்ல பாத்தாரு. கொட்டாய்க்குப் பின்னாடி எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். ஆலை வேணும்னவங்களும் வேணாம்னவங்களும் சேந்துதான்."

அந்தச் சளசளப்பு, சிரிப்பு, கைமாற்றல். நாலு பேனா!

"அப்போ அந்தப் பதினாலு...?"

"எனக்கு வந்தது மூணு. பதினாலு யாருக்குப் போச்சோ."

லாட்ஜ் மாடியில் நான் பிடித்துக்கொண்டிருந்த சீட்டை நினைத்துப் பார்த்தேன். அதை அன்றைக்கு நீட்டியிருந்தால், யாரோ எழுதிய ஒரு வார்த்தைக்காக இந்தப் பெண் வெளியே போயிருப்பார்.

"தெரிஞ்சுகிட்டே எதுக்கும்மா அன்னைக்கு என்கிட்ட அப்படிக் கேட்டீங்க?"

"நீங்க உண்மையச் சொல்ற ஆளான்னு பாக்கத்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். வெட்கம் கெட்டவன், எனக்குள் இருந்த அதிகப்பிரசங்கி அப்போதும் அடங்கவில்லை.

"சரிம்மா, இப்பவாவது சொல்லுங்க. அந்த மூணாம் நம்பர்ல நீங்க என்ன எழுதினீங்க?"

செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால்வாய்ப் பக்கம் நடந்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அது யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான சார் சத்தியம் பண்ணீங்க?"